முன்னொலிக்கு ஒரு குட்டி டார்ச்

குடிநீர் அலுவலகத்தில் வரும் தபால்களுக்கு முத்திரை குத்தி, பிரித்து, மேசை மேசையாகக் கொண்டுபோய் வைக்கும் வேலை அவருக்கு. அந்த அலுவலகத்தின் நாடகக் குழு அவருக்கு வைத்த பெயர் முன்னொலி. எதிரொலி சொன்ன பிறகு வரும், இவர் சொல்வதற்கு முன்னால் வருபவர், அதனால் முன்னொலி என்று யாரோ விளக்கமும் சொல்லி வைத்தார்கள். மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிப்பவர்கள் வசனத்தை மறந்து விழிக்கும்போது அடுத்த வரியைக் கிசுகிசுத்துக் கொடுப்பார். இத்தனை நாடகத்திலும் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை, கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது அவர் வேலையில் குறை.

அந்தப் பழக்கம் மேடையோடு நின்றிருந்தால் அவர் மனைவிக்கு ஒரு தொல்லையும் இல்லை. யாராவது பேச்சின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், அடுத்த வார்த்தை அவர் உதட்டிலிருந்து மெல்ல வந்துவிடும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் தெருவில் நின்று குழாயடித் தகராறு போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சரியான வசவு கிடைக்காமல் திணறியபோது இவர் ஜன்னலில் நின்று எடுத்துக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் திணறியபோது அவருக்கும் கொடுத்தார். பாரபட்சமே கிடையாது. சண்டை முடிந்த பிறகு இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து இவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

கல்யாணப் பேச்சின்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும். அவளுடைய அப்பா தயங்கித் தயங்கி, "எங்க பொண்ணு தங்கமான பொண்ணு. என்ன, கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"முன்கோபம்," என்று மாப்பிள்ளை மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"அதேதான் மாப்பிள்ளை!" என்று அப்பா பாரம் இறங்கியவர்போலச் சிரித்தார். உள்ளறையில் நின்று கேட்ட அவளுக்கு முன்கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவள் பிறகு ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தினாள்.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் தைப்பாள். நாடகக் குழுவின் அங்கிகள், அட்டைக் கிரீடங்கள், இரண்டாம் காட்சியில் கிழிந்து மூன்றாம் காட்சிக்குள் ஒட்டுப் போடவேண்டிய பட்டு எல்லாமே அவள் கைவேலை. அவர் பேசுவது அடுத்த நாற்காலிக்குக் கேட்காது. அவள் பேசுவது தெருமுனைக் கடைக்குக் கேட்கும். கடவுள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குரலைக் கொடுத்து, முழுவதையும் இவளிடமே விட்டுவிட்டார் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள்.

குழுவில் ராஜா வேடம் எப்போதும் கணக்கருக்குத்தான். அரச களை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், தையல்காரி முதலில் செய்த கிரீடம் அளவு தவறிப் பெரிதாகிவிட்டது. அதற்குப் பொருந்தும் பானைத் தலை அலுவலகத்தில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. அவர் வசனம் மனப்பாடம் செய்வதே இல்லை. "முன்னொலி இருக்கறப்ப மூளைக்கு எதுக்குங்க வீண் வேலை?" என்பார். காதில் விழுவதை அப்படியே வாயில் விடுவார். இருந்தாலும் குரல் கணீரென்று இருக்கும். சனங்கள் கை தட்டுவார்கள். பாதிக் கைதட்டல் திரையைத் துளைத்துக்கொண்டு தன் ஸ்டூலுக்கு வருவதாக முன்னொலி வீட்டில் ஒரே ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

வினை வெளிச்சத்தில் வந்தது.

திரைக்குப் பின்னால் இருட்டு. வசனப் புத்தகத்தைப் படிக்க வெளிச்சம் வேண்டும். கைப்பேசி விளக்கை வைத்துப் பார்த்தார். அது அகலமாகப் பரவி, அவருடைய மூக்கின் நிழலை அரண்மனைச் சுவர் முழுக்க வரைந்தது. ராணி தன் சோகக் காட்சியை ஒரு மலையளவு மூக்கின் அடியில் உட்கார்ந்து அழுது முடித்தாள். சரி என்று, வீட்டில் இருந்த பழைய பெரிய டார்ச்சை எடுத்துப்போனார். ஒரு கையில் புத்தகம், மறு கையில் பக்கம் புரட்டல் என்பதால் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அடுத்த நாடகத்தில் ராஜசபை நிசப்தமாக இருந்த ஒரு கட்டத்தில் அவருக்குத் தும்மல் வந்தது. டார்ச் நழுவியது. எரிந்துகொண்டே உருண்டு, திரையைத் தாண்டி, சபை நடுவே சென்று, மந்திரியின் ரப்பர் செருப்பு மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டு நின்றது.

மந்திரி நல்ல சமயோசிதக்காரர். "மன்னா, வால்நட்சத்திரம் ஒன்று நம் சபையில் விழுந்திருக்கிறது," என்றார்.

மன்னர் இடது பக்கத் திரையைப் பார்த்தார். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. குத்துக்கல்போல நின்றார். கடைசியில் திரையை இழுத்து மூடினார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் கணக்கர், முன்னொலியின் மேசைக்கே வந்துவிட்டார். "நான் அங்க வாயைத் திறந்துட்டு நிக்கிறேன், நீங்க ஒரு வரி குடுக்கக் கூடாதா?"

"டார்ச் போயிடுச்சு. இருட்டுல புத்தகம் தெரியல."

"புத்தகத்துல அந்த வரி இல்லவே இல்லையே!"

"அதுவும் தெரியல."

கணக்கர் பெருமூச்சு விட்டார். "இங்க பாருங்க, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா அடுத்த நாடகத்துல வெளிச்சத்தால ஒரு குளறுபடி வந்துச்சுன்னா, ஸ்டூல்ல என் மச்சானை உட்கார வெச்சிடுவேன். அவன்கிட்ட பேசிட்டேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் மனைவி அன்று மாலை மிஷினை மிதித்தபடி கணக்கரைப் பொரிந்து தள்ளினாள். அவள் நிறுத்திய இடங்களில்கூட முன்னொலி வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த ஸ்டூல் போய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று யோசித்தாள். அலுவலகத்துக்குக் கூனிக்கொண்டு போய்க் கூனிக்கொண்டு வருபவர், நாடகம் நடக்கும் மாலைகளில் மட்டும் நிமிர்ந்து நடந்து வருவார். அது தெருவில் வேறு யார் கண்ணிலும் பட்டதில்லை. அவள் கண்ணில் பட்டிருந்தது.

"எழுந்திருங்க. நாளைக்குப் போய் நல்ல டார்ச்சா ஒண்ணு வாங்குவோம். நழுவாத மாதிரி, உடம்போட கட்டிக்கற மாதிரி."

"சாவிக்கொத்துல மாட்டலாம்," என்றார் அவர், கிசுகிசுப்பாக. ஒப்பனை அறைச் சாவி, உடுப்பு அலமாரிச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் ஒரு கயிற்றில் அவர் சட்டைப் பொத்தானோடு எப்போதும் கட்டியே இருக்கும். அவர் தொலைந்தாலும் அது தொலையாது.

கடைத்தெருக் கோடியில் மாற்றுச் சாவி வெட்டி, கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றித் தரும் பெட்டிக்கடை ஒன்று இருந்தது. முன்னொலி கடைக்காரரின் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார்.

சாவிக்கடைக்காரர் பின்வாங்கினார். "சார், ரகசியமா வந்து கேக்கற வேலையெல்லாம் நான் செய்யறதில்ல. அடுத்தவங்க பூட்டைத் திறக்கறது பாவம்."

"அட, டார்ச் கேக்குறாருங்க," என்று அவள் முன்னால் வந்தாள். "சாவிக்கொத்துல மாட்டணும். குட்டியா இருக்கணும், ஆனா பளிச்சுனு எரியணும். பளிச்சுனு எரியணும், ஆனா பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது. எவ்வளவு நேரம் எரிஞ்சாலும் சூடாகக் கூடாது, சத்தம் போடக் கூடாது."

"அம்மா, நீங்க டார்ச் தேடுறீங்களா, மாப்பிள்ளை தேடுறீங்களா?"

"மாப்பிள்ளை அப்படியே கிடைச்சுட்டாருங்க. பளிச்சுதான் குறையுது."

கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். முதலில் எடுத்தது வாத்து உருவத்தில் இருந்தது. அமுக்கினால் அலகைத் திறந்து வெளிச்சம் காட்டியது, கூடவே குவாக் என்றது. முன்னொலி அதை அவசரமாகக் கீழே வைத்தார். அடுத்தது நல்ல பிரகாசம்தான், ஆனால் அதன் வெளிச்சம் எதிர்க்கடை வரை போக, பட்டப்பகலில் யார்றா அது என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது. மூன்றாவது சிவப்பு வெளிச்சம். யாருக்கும் உறுத்தாது, தூரத்துக்கும் தெரியாது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அவர் பையிலிருந்து வசனப் புத்தகத்தை எடுத்து அதன்மேல் அடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னங்க?"

"சிவப்பு மையில எழுதினது காணாமப் போச்சு."

எங்கெங்கே மன்னர் உணர்ச்சிக்காக வேண்டுமென்றே நிறுத்துகிறாரோ, அங்கெல்லாம் அவர் சிவப்பு மையில் 'பேசாதே' என்று எழுதி வைத்திருப்பார். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தாளோடு தாளாகக் கரைந்துவிட்டது. இந்த டார்ச்சை வைத்துக்கொண்டால் மன்னரின் ஒவ்வொரு மௌனத்திலும் அவர் வரி எடுத்துக் கொடுப்பார், மன்னரும் வாங்கிச் சொல்லுவார், நாடகம் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

டப்பாவின் அடியிலிருந்து கடைக்காரர் கடைசியாக ஒன்றை எடுத்தார். விரல் கணு அளவு. தலையைத் திருகினால் எரியும், சத்தமே இல்லை. மெல்லிய வெள்ளை வெளிச்சம் சிதறாமல் ஒரே இடத்தில் விழுந்தது. முன்னொலி அதை உள்ளங்கையில் வைத்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இருட்டுல பாக்கணும்," என்றார்.

"பகல்ல இருட்டுக்கு எங்க சார் போறது?"

முன்னொலி சுற்றிலும் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கடை மேசைக்கு அடியில் நுழைந்தார். அவள் தன் துணிப்பையை விரித்து முன்பக்கத்தை மறைத்தாள். தெருவில் சில அடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"தெரியுதா?" உள்ளிருந்து மெல்லிய குரல்.

"வெளிச்சமா? தெரியல."

"நான் தெரியறேனா?"

"நீங்க என்னைக்குங்க தெரிஞ்சீங்க?"

உள்ளே அவருக்குத் திருப்தி. முழங்காலில் புத்தகத்தை வைத்து, ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மேடையில் எப்படிக் கிசுகிசுப்பாரோ அப்படியே படிக்க ஆரம்பித்தார். டார்ச்சைச் சோதிக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து ஒரு தடித்த மனிதர் நின்றுபோன கைக்கடிகாரத்தோடு கடைக்கு வந்தார். மேசையில் முழங்கையை ஊன்றி, "பேட்டரி போயிருக்கும்னு நினைக்கிறேன்," என்றார்.

அவர் காலடியிலிருந்து ஒரு குரல் மிக நிதானமாகச் சொன்னது. "காவலர்களே, வாசல்களை அடைத்துவிடுங்கள். ஒருவரும் உயிரோடு வெளியேறக் கூடாது."

தடித்த மனிதர் அப்படியே நின்றார். முகத்தில் ஈ ஆடவில்லை. கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார், அது பார்க்க இன்னும் பயங்கரமாக இருந்தது.

"துரோகியின் தலை என் காலடியில் விழ வேண்டும்," என்றது மேசை.

கடிகாரத்தை அங்கேயே விட்டுவிட்டு அவர் கிளம்பினார். அந்த உடம்புக்கு அப்படி ஓட முடியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். "ஐயா, நில்லுங்க! ஒண்ணும் இல்ல, எங்க வீட்டுக்காரர் டார்ச் பாக்குறார்!" என்று தையல்காரி பின்னால் கத்தினாள். அவள் குரலைக் கேட்டு அவர் வேகம் கூடியதுதான் மிச்சம்.

முன்னொலி மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். தலைமுடியில் சாவித் தூள். முகமெல்லாம் பல். "இதுதான்," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் நடக்க நடக்க, புது டார்ச் மற்ற சாவிகளோடு மோதிக் கலகலத்தது. மேடையில் ராணி உயிரை விடும் நேரத்தில் இந்தச் சத்தம் கேட்டால் என்ன ஆகும்? அவள் அன்றே மிச்சத் துணியில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு உறை தைத்துப் போட்டாள். ஒப்பனை அறைச் சாவிக்கு மன்னரின் அங்கி வெட்டியதில் மிஞ்சிய நீலம், அலமாரிச் சாவிக்கு ராணியின் மஞ்சள். அலுவலகத்தில் அதைப் பார்த்த கணக்கர், "சாவிக்கெல்லாம் சட்டை போட்டு விட்டீங்களா? ஜுரமா?" என்றார். முன்னொலி கொத்தை அவர் காதருகில் ஆட்டிக் காட்டினார். சத்தமில்லை. கணக்கர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

ஒத்திகையெல்லாம் அலுவலகத்தில், ஜன்னல் திறந்த அறையில், வெளிச்சத்தில் நடந்தது. டார்ச்சை வெளியே எடுக்கவே தேவைப்படவில்லை. யோசிக்காமல் விட்டது அங்கேதான்.

நாடக மாலை. முன் வரிசையில் அலுவலகத் தலைவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். தையல்காரி ராணியின் அங்கி ஓரத்தைத் தைத்து விடுவதற்காக ஊசியும் நூலுமாக இடது பக்கத் திரைக்குப் பின்னால் நின்றாள். வலது பக்கத்தில் கணக்கரின் மச்சான், எதற்கும் இருக்கட்டும் என்று தலை சீவிக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

விளக்குகள் மங்கின. முன்னொலி ஸ்டூலில் உட்கார்ந்து, டார்ச்சைத் திருகினார். அருமையான வெளிச்சம். ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்தார். மறு கையால் பக்கம் புரட்ட வேண்டும். டார்ச்சைக் கக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் கணு அளவுள்ள பொருள் கக்கத்தில் எங்கே நிற்கும், சட்டைக்குள் விழுந்து வயிற்றில் எரிந்தது. வெளியே எடுத்தார். காதுக்கு மேல் செருகினார், கழுத்துப் பட்டியில் செருகினார், நிற்கவில்லை. மேடையில் வசனம் தொடங்கிவிட்டது. அவர் சட்டென்று டார்ச்சின் அடிப்பகுதியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

கச்சிதமாக உட்கார்ந்தது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வெளிச்சம். சட்டை போட்ட சாவிகள் தாடிபோல மோவாயில் தொங்கின. இரண்டு கைகளும் சுதந்திரம். அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரில் ஒருவருக்கும் அந்தக் கணம் வரை உறைக்கவில்லை.

சபைக் காட்சி. மன்னர் சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். வாளை உருவினார். வாயைத் திறந்தார். பிறகு வழக்கம்போல இடது பக்கத் திரை பக்கம் காதைச் சாய்த்தார்.

"ங்ங்ங்... ழ்ழ்," என்றார் முன்னொலி.

மன்னர் புருவத்தைத் தூக்கினார்.

முன்னொலி கண்கள் வெளியே வந்துவிடும்போல விழித்தார். டார்ச்சைத் துப்பியிருக்கலாம். ஆனால் துப்பினால் இருட்டு, இருட்டில் புத்தகம் தெரியாது. போன முறை நடந்ததுதான் மறுபடியும். கடித்துக்கொண்டே பேச முயன்றார். நாக்கு தள்ள, டார்ச் பல்லுக்குள் திரும்பிக்கொண்டு வாய்க்குள் எரிந்தது. கன்னம் இரண்டும் உள்ளிருந்து சிவந்து கூண்டு விளக்காக மின்ன, அதைப் பார்த்த காவலன் ஒருவன் ஈட்டியை நழுவவிட்டான். விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்று கேட்டிருக்கிறோம். விளக்கை வாயில் போட்டுக்கொண்டு விழுந்தவர் அவர் ஒருவர்தான். எதிர்ப்பக்கம் மச்சான் சட்டைக் கையை மடித்துவிடத் தொடங்கினார்.

தையல்காரி அந்த மடிப்பைப் பார்த்தாள். அவளுக்கு முன்கோபம் வந்தது.

ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு, கணவரின் வாயிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினாள். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு அடியில் கேட்ட வரி, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் வீட்டில் கேட்டுக்கேட்டுப் புளித்த வரி. அவளுக்குக் கிசுகிசுக்க வராது. தெருவில் விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"காவலர்களே, வாசல்களை அடைத்துவிடுங்கள்! ஒருவரும் உயிரோடு வெளியேறக் கூடாது!"

அரங்கம் அதிர்ந்தது. வாசல் பக்கம் நின்றிருந்த நிஜக் காவலாளி கதவை இழுத்துச் சாத்திவிட்டார். மன்னர் உருவிய வாளோடு கை கட்டி, "காவலர்களே, வாசல்களை அடைத்துவிடுங்கள்," என்று பள்ளிப் பிள்ளைபோல ஒப்பித்தார். அதற்குள் முன்னொலிக்கு மூச்சு வந்துவிட்டது. அவள் டார்ச்சைப் புத்தகத்தின் மேல் பிடித்தாள். அவர் வாசித்தார். மிச்ச நாடகம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது.

முடிந்ததும் கணக்கர் கிரீடத்தோடு திரைக்குப் பின்னால் பாய்ந்து வந்தார். "யார் அது? யார் என் வசனத்தை எனக்கு முன்னாடி சொன்னது?"

"நான்தான்," என்றாள் அவள். "அந்தக் கிரீடத்தைக் கழட்டிக் குடுங்க. உங்க மச்சான் வந்து உட்காரட்டும். அடுத்த தடவை அவங்க அக்காவே தைச்சுக் குடுக்கட்டும். அளவு கேட்டா பானைக் கடையில கேக்கச் சொல்லுங்க."

கணக்கர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பழக்க தோஷத்தில் முன்னொலியைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி," என்று முன்னொலி மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி," என்றார் கணக்கர்.

அந்த நேரம் அலுவலகத் தலைவர் மனைவியோடு உள்ளே வந்து, ராஜமாதாவைத் திரைக்குப் பின்னாலேயே வைத்துக் குரலை மட்டும் கேட்கச் செய்தது பிரமாதமான உத்தி என்று பாராட்டினார். கணக்கர், அது தன்னுடைய யோசனை என்றார். மச்சான் மடித்த கையை அவிழ்த்து விட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

அதற்குப் பிறகு இடது பக்கத் திரைக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டார்கள். அவர் புத்தகம் பிடித்தார், அவள் டார்ச் பிடித்தாள். சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு மாறியது. பல நாடகங்கள் அப்படிப் போயின. நாடகம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வருவாள், நிறுத்துகிற இடத்தில் அவர் வார்த்தை எடுத்துக் கொடுப்பார். இரண்டு பேரும் நிமிர்ந்துதான் நடப்பார்கள்.

இப்போது அவர் இல்லை. இருந்தாலும் அங்கே ஒரு ஸ்டூல் போதும் என்று குழுவில் யாரும் சொல்லவில்லை. இரண்டையுமே போடுகிறார்கள். அவளுக்குப் புத்தகம் தேவையில்லை, ஆனாலும் அவருடைய பிரதியைப் பக்கத்து ஸ்டூலில் விரித்து வைத்து, டார்ச்சைத் திருகி அதன்மேல் பிடிக்கிறாள். சிவப்பு மை பளிச்சென்று தெரியும். மன்னர் வரி மறந்து காதைச் சாய்க்கும்போது அவளும் ஒரு கணம் பேசாமல் இருக்கிறாள், அந்த இடத்தில் சிவப்பு மை இல்லாவிட்டாலும். பிறகு சொல்கிறாள்.

போன நாடகம் முடிந்ததும் கணக்கர் கிரீடத்தைக் கழற்றியபடி வந்து தயங்கி நின்றார். இப்போது அவர் தலைமுடி போய், கிரீடம் கொஞ்சம் தொளதொளத்திருந்தது.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் மெதுவா எடுத்துக் குடுத்தா நல்லா இருக்கும். கடைசி வரிசை வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள் அவள். "அவர் சொன்னது ஒருத்தருக்கும் கேக்கல."

கணக்கரிடமிருந்து கிரீடத்தை வாங்கி, எங்கே ஒரு பிடி உள்ளே தைக்கலாம் என்று திருப்பிப் பார்த்தாள். அலமாரியைப் பூட்டினாள். சாவிக்கு மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.